மாடு மறித்த பந்து கோலா?

தம்பி, நீங்கள் நீளமாக எழுதியிருந்தாலும் கேட்டது ஒன்றுதான்: எங்களுக்குச் சேரவேண்டிய கோலை நடுவர் பறித்துவிட்டாரா? மற்றவர்களுக்கும் விளங்க, நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கிராமத்துக் கழகம் நடத்திய சுற்றுப்போட்டி. அரையிறுதி, 1–1. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் உங்கள் அணிக்கு ஒரு த்ரோ, பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறிவது. அதை வாங்கிய உங்கள் முன்வரிசைக்காரர் கோல் கீப்பரையும் வெட்டிவிட்டு வெறும் கோலுக்குள் பந்தை உருட்டினார். வலது கம்பத்தடியில் நின்ற மாட்டின் முன்னங்காலில் பட்டுப் பந்து நின்றுவிட்டது. நடுவர் விசில் ஊதினார், கோல் இல்லை என்றார், பந்தை எதிரணிக் கோல் கீப்பருக்கு முன்னால் போட்டு ஆட்டத்தைத் தொடங்கினார். பிறகு பெனால்டியில் தோற்றீர்கள். எதிரணிக்காரரோ, "அது த்ரோவிலயே ஓவ்சைட், மாடு நிண்டா என்ன, நிக்காட்டி என்ன" என்று நியாயம் கதைக்கிறார்கள். தேத்தண்ணிக் கடையில் இன்னும் இந்தக் கதை முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முடியாதுதான். வன்னியில் பல வருடமாக விசில் ஊதுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. மிருகம் மைதானத்துக்குள் வந்தால் என்ன செய்வது என்று உதைபந்தாட்ட விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. நடுவரின் அதிகாரத்தைப் பற்றிய 5ஆம் விதியில் அது வருகிறது. மாடோ நாயோ வேறு பந்தோ உள்ளே வந்தால், அது ஆட்டத்துக்கு இடைஞ்சல் செய்தால் மட்டும் நடுவர் ஆட்டத்தை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் ட்ரொப் போலில்தான், அதாவது நடுவர் கையிலிருந்து பந்தை நிலத்தில் விட்டுத்தான், திரும்பத் தொடங்கவேண்டும். இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு. கோலை நோக்கிப் போகிற பந்து அந்த மிருகத்தில் பட்டும் உள்ளே போய்விட்டால், தடுக்கும் அணியின் எந்த ஆட்டக்காரரையும் பந்தை ஆடவிடாமல் அந்த மிருகம் மறிக்கவில்லை என்றால், கோல் கொடுக்கலாம். உங்கள் பந்து உள்ளே போகவில்லை. மாட்டின் காலில் பட்டு நின்றுவிட்டது. ஆகவே, பந்து கோட்டைத் தாண்ட முன்னர்தான் மாட்டில் பட்டது என்றால், நடுவர் சொன்னது சரி. அவருக்கு வேறு வழியே இருக்கவில்லை.

"மாடு இல்லாட்டி அது நூறு வீதம் கோல்தானே" என்று கேட்கிறீர்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் உதைபந்தாட்டத்தில் நடுவர் தன் கையால் கோல் கொடுக்க இடமே இல்லை. ரக்பியில் பெனால்டி ட்ரை என்று ஒன்று இருக்கிறது. எதிரணி முறைகேடாகத் தடுத்திராவிட்டால் நிச்சயம் புள்ளி கிடைத்திருக்கும் என்று கண்டால் நடுவர் அந்தப் புள்ளியைக் கொடுத்துவிடலாம். நம்முடைய விளையாட்டில் அப்படி இல்லை. பந்து கோட்டைத் தாண்டினால் கோல், தாண்டாவிட்டால் கோல் இல்லை. 2010 உலகக் கிண்ணக் காலிறுதியை நினைத்துப் பாருங்கள். உருகுவேக்கும் கானாவுக்கும் நடந்த ஆட்டம், மேலதிக நேரத்தின் கடைசி நொடிகள். கோலுக்குள் போய்க்கொண்டிருந்த பந்தைக் கோட்டில் நின்ற உருகுவேயின் சுவாரஸ் இரண்டு கையாலும் தட்டிவிட்டார். மாடு அறியாமல் நின்றது. சுவாரஸ் அறிந்தே செய்தார். அப்போதுகூட நடுவர் கோல் கொடுக்கவில்லை. சிவப்பு அட்டையும் பெனால்டியும்தான் கொடுத்தார். அதைக் கானாவின் அசமோவா ஜியான் மேல் கம்பத்தில் அடித்தார், பிறகு பெனால்டி உதைகளில் கானா 4–2 என்று தோற்றது. அன்று வென்றிருந்தால் உலகக் கிண்ண அரையிறுதிக்குப் போன முதல் ஆபிரிக்க நாடு கானாவாக இருந்திருக்கும். அந்தப் பெயர் 2022இல் மொரோக்கோவுக்குப் போனது. வேண்டுமென்று கையால் தடுத்த பந்துக்கே கோல் கொடுக்காத விதி, மாட்டுக்காகக் கொடுக்காது. கானாவுக்கு நடந்தது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது, அந்த நடுவர் அதன்படிதான் நடந்தார்.

அடுத்தது ட்ரொப் போல். "ரெண்டு பக்கத்தாலும் ஒவ்வொராளை நிப்பாட்டி நடுவில போடாமல், அவையின்ர கீப்பருக்கே போட்டவர், அது பக்கச்சார்பு இல்லையா" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் முன்னர் விளையாடிய அண்ணன்மார்தான். அவர்கள் காலத்தில் அப்படித்தான் போட்டார்கள், நானும் அப்படிப் போட்டிருக்கிறேன். 2019இல் விதி மாறிவிட்டது. ஆட்டம் நின்றபோது பந்து பெனால்டிப் பெட்டிக்குள் இருந்தால், தடுக்கும் அணியின் கோல் கீப்பருக்குத்தான் பந்தைப் போடவேண்டும். மற்ற எல்லோரும், இரண்டு அணிக்காரரும், குறைந்தது 4 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். பெட்டிக்கு வெளியில் என்றால், 2025இலிருந்து, பந்து எந்த அணிக்குப் போயிருக்கும் என்று நடுவருக்குத் தெளிவாகத் தெரிந்தால் அந்த அணிக்கும், தெரியாவிட்டால் கடைசியாகப் பந்தைத் தொட்ட அணிக்கும் போகும். உங்கள் பந்து கோல் வாயில் நின்றது. ஆகவே கீப்பருக்குப் போட்டது பக்கச்சார்பு இல்லை. சொல்லப்போனால், அந்த நெருக்கடியிலும் புது விதியை மறக்காமல் செய்திருக்கிறார். கிராமத்துச் சுற்றுப்போட்டிகளில் இன்னும் பழையபடி நடுவில் போடுகிற நடுவர்களைக் கண்டிருக்கிறேன்.

இனிச் சந்தேகமான பகுதி. இங்கேதான் உங்கள் கேள்வியின் உயிர் இருக்கிறது. மாடு எங்கே நின்றது? "கம்பத்தடியில்" என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பத்துக்கு முன்னாலா, பின்னாலா? வலை கட்டவில்லை என்றும் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த ஒரு வரிதான். வலை இருந்தால் மாடு பின்பக்கத்தால் கோலுக்குள் வந்து நிற்கவே முடியாது. வலை இல்லாத கோலில் மாடு கோட்டுக்கு உள்பக்கமாகத் தலையை நீட்டிக்கொண்டும் நிற்கலாம், கோட்டைக் கவைத்துக்கொண்டும் நிற்கலாம். முன்னங்கால் கோட்டுக்குப் பின்னால் இருந்து, பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டிய பிறகு அதில் பட்டிருந்தால், அது கோல். மாடு அதற்குப் பிறகு என்ன செய்தாலும் கோல்தான்.

"முழுதாக" என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்கவேண்டும். தேத்தண்ணிக் கடை வழக்குகளில் பாதி அதற்குள்தான் கிடக்கிறது. பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர். அப்படியென்றால் குறுக்களவு ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர். நிலத்தில் உருளுகிற பந்து நிலத்தைத் தொடுவது அதன் நடுப்புள்ளியில் மட்டும். அந்தப் புள்ளி கோட்டின் பின்விளிம்பைத் தாண்டி 10 சென்ரிமீற்றர் உள்ளே போயிருந்தாலும், பந்தின் வயிற்றுப் பக்கம் இன்னும் கோட்டுக்கு மேலே நிற்கும். அது கோல் இல்லை. பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குப் பந்துக்கும் கோட்டுக்கும் இடையில் பச்சைப் புல் தெரியும், கோல் என்று சத்தியம் செய்வார், பொய்யும் சொல்லமாட்டார். 2022 உலகக் கிண்ணத்தில் ஜப்பான் ஸ்பெயினுக்கு அடித்த இரண்டாவது கோலுக்கு முன் ஜப்பானின் மிடோமா திருப்பிய பந்து இப்படித்தான். ஒரு படத்தில் வெளியே போனதுபோலத் தெரிந்தது, மேலிருந்து எடுத்த படத்தில் விளிம்பு கோட்டுக்கு மேலே நின்றது. அது எல்லைக் கோட்டில் நடந்தது, ஆனால் கணக்கு ஒன்றுதான்.

நம்முடைய மைதானங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பின்னேரம் நான்கு மணிக்குச் சுண்ணாம்புத் தூளால் போட்ட கோடு, இரண்டாம் பாதி முடிகிற நேரத்தில் கோல் வாயில் இருப்பதில்லை. கீப்பர் அங்கேயும் இங்கேயும் குதித்து மிதித்த இடம் குழியாகிப் புழுதிதான் மிஞ்சும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் கேட்கவே வேண்டாம். அப்போது நடுவர் ஒரு கம்பத்திலிருந்து மற்றக் கம்பத்துக்கு மனதால் கோடு இழுத்துத்தான் பார்க்கவேண்டும். அவர் எங்கே நின்று பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. வேகமான தாக்குதல் என்றால் பெட்டிக்கு வெளியில்தான் நின்றிருப்பார். அங்கிருந்து பார்த்து மாட்டின் கால் கோட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று நிச்சயமாகச் சொல்வது கடினம். கோட்டுக்கு நேரே ஓடிவந்திருக்கக்கூடியவர் லைன்ஸ்மன் ஒருவர்தான். நடுவர் அவரிடம் கேட்டாரா? கேட்டிருந்தால் நல்லது. கேட்காமல் முடிவெடுத்திருந்தால் அதைக் குறையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நான் அந்த மைதானத்தில் நிற்கவில்லை, ஆகவே அது கோலா இல்லையா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

ஒரு தம்பி போனில் எடுத்த வீடியோவைப் பற்றியும் கேட்டீர்கள். வீடியோ பார்த்துத் தீர்ப்பை மாற்றுவது, வி.ஏ.ஆர். என்ற வீடியோ உதவி நடுவர் முறைக்கு அனுமதி பெற்ற போட்டிகளுக்கு மட்டுமே உரியது. கிராமத்துச் சுற்றுப்போட்டியில் யாராவது போனைக் கொண்டு ஓடிவந்தால் நடுவர் பார்க்கக்கூடாது. இன்னொன்று, எந்தத் தீர்ப்பையும் ஆட்டம் திரும்பத் தொடங்க முன்னர்தான் மாற்றலாம். ட்ரொப் போல் போட்டு ஆட்டம் தொடங்கியவுடன் அந்தக் கதவு பூட்டியாயிற்று. அதைவிட, கோணர்க் கொடிப் பக்கத்திலிருந்து சாய்வாக எடுத்த வீடியோவால் கோட்டுக் கணக்கைத் தீர்க்க முடியாது. கோட்டுக்கு நேரே இருந்து எடுக்காத படம் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லும். இரவு ஒன்றரை மணிக்கு விழித்திருந்து ஐரோப்பியச் சம்பியன்ஸ் லீக் பார்க்கிற நம் பிள்ளைகள், அங்கே இருக்கிற பத்துப் பதினைந்து கமராவையும் மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்து நடுவரை அளக்கிறார்கள். ஆசை எனக்கு விளங்குகிறது. இங்கே இருப்பது இரண்டு கண்ணும், கொடி பிடித்த இரண்டு பேரும்தான்.

எதிரணி சொல்கிற ஓவ்சைட் கதைக்கு வருவோம். த்ரோவிலிருந்து நேரே பந்தை வாங்கியவர் ஓவ்சைட் ஆகவே முடியாது. 1920இலிருந்து இதுதான் விதி. கோல் கிக், கோணர் கிக் இரண்டுக்கும் அப்படியே. கடைசித் தடுப்பாளருக்குப் பின்னால் தனியே நின்று வாங்கியிருந்தாலும் குற்றமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். த்ரோவை முதலில் உங்கள் அணியின் வேறொருவர் தலையால் தட்டி, அது உங்கள் முன்வரிசைக்காரருக்குப் போயிருந்தால், கணக்குப் புதிதாகத் தொடங்கும். அந்தத் தலை பட்ட கணத்தில் அவர் எங்கே நின்றார் என்று பார்க்கவேண்டும். பந்தையும், எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆளையும் தாண்டி எதிரணிக் கோலுக்குக் கிட்ட நின்றிருந்தால் ஓவ்சைட். சமமாக நின்றால் இல்லை, 1990இலிருந்து அது தாக்குகிறவருக்குச் சாதகம். நீங்கள் "த்ரோவை வாங்கி" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், லைன்ஸ்மனும் கொடி தூக்கவில்லை. அப்படியென்றால் எதிரணியின் வாதம் நிற்காது. அவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

உங்கள் பதிவுக்குக் கீழே ஒருவர், "மாட்டில பட்டு உள்ள போயிருந்தா என்ன செய்வார்" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 2009 ஒக்ரோபரில் இங்கிலாந்தில் சண்டர்லாந்துக்கும் லிவர்பூலுக்கும் நடந்த ஆட்டத்தில், இரசிகர் பக்கமிருந்து வந்த ஒரு கடற்கரைப் பந்து லிவர்பூல் கீப்பருக்கு முன்னால் கிடந்தது. சண்டர்லாந்தின் டரன் பென்ட் அடித்த பந்து அதில் பட்டுத் திசைமாறிக் கோலுக்குள் போனது. நடுவர் கோல் கொடுத்தார், ஆட்டம் 1–0 என்று முடிந்தது. அந்தத் தீர்ப்பு பிழை. வெளிப் பொருள் பந்தின் பாதையை மாற்றிக் கீப்பரை ஏமாற்றிவிட்டது, ஆகவே நிறுத்தி ட்ரொப் போல்தான் கொடுத்திருக்கவேண்டும். ஆனால் உங்கள் ஆட்டத்தில் கீப்பரை வெட்டியாயிற்று, பந்தைப் பிடிக்கக்கூடிய தூரத்தில் வேறு தடுப்பாளர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பந்து மாட்டின் காலில் உரசி உள்ளே போயிருந்தால், கோல். இதே மாடு, இதே பந்து, ஒரு சாண் வித்தியாசத்தில் தீர்ப்பு மாறியிருக்கும். உங்கள் வயிற்றெரிச்சல் எனக்கு விளங்குகிறது.

ஆனால் என் மனதில் உள்ளதைச் சொல்வதென்றால், அன்று நடந்த தவறு அந்த விசிலில் இல்லை, அதற்கு முன்னால் நடந்தது. இரண்டாம் பாதி தொடங்கியதிலிருந்தே மாடு அங்கே மேய்ந்துகொண்டு நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இடைஞ்சல் இல்லாதவரை ஆட்டத்தை நிறுத்தத் தேவையில்லை என்பது உண்மை. அதற்காகக் கோல் வாயில் மாட்டை விட்டுவைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. பந்து வெளியே போன முதல் தடவையே, விசில் ஊதி, யாரையாவது அனுப்பி மாட்டைக் கலைத்திருக்கவேண்டும். அரை நிமிட வேலை. இழந்த நேரத்தைக் கடைசியில் சேர்த்துக் கொடுக்கலாம். அதைச் செய்யாதது நடுவரின் கவனக்குறைவு, ஏற்பாட்டுக் குழுவின் கவனக்குறைவும்தான்.

வன்னியில் இது எதிர்பாராத விபத்து என்று யாரும் சொல்லமுடியாது. வெயிலுக்குப் பயந்து நாங்கள் ஆட்டம் வைப்பது பின்னேரம். பட்டி மாடுகள் மேய்ச்சலால் திரும்புகிறதும் அதே பின்னேரம். சிறுபோகம் வெட்டி முடிந்த வயல்களில் மாடுகளை அவிழ்த்துவிடுகிற காலத்தில் கட்டாக்காலிகள் மைதானத்தைத்தான் தேடிவரும், அங்கேதான் கொஞ்சம் புல் இருக்கும். மீள்குடியேறிய பிறகு ஊர்க் கழகங்கள் திரும்பத் தலையெடுத்தபோது முதலில் நட்டது கோல் கம்பம்தான். வேலி அடிக்கக் காசு கிடைக்கவில்லை, பல இடங்களில் இன்றுவரை இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, எவ்வளவு கஷ்டப்பட்டுக் கம்பத்தையாவது நட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வலையும், ஒவ்வொரு கோலுக்குப் பின்னாலும் தடியோடு ஒரு ஆளும், வேலி அளவுக்குச் செலவு இல்லை. நான் ஆட்டத்துக்குப் போனால் முதலில் மைதானத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பேன். வலையின் கீழ் விளிம்பு நிலத்தோடு இறுகி நிற்கிறதா என்று காலால் தட்டிப் பார்ப்பேன், தளர்ந்திருந்தால் நைலோன் கயிற்றால் முளையடித்துக் கட்டச் சொல்வேன். வலையைக் கட்டாயமாக்கி விதி சொல்லவில்லை, கட்டலாம் என்றுதான் சொல்கிறது. ஆனால் வலை இல்லாத கோலில் அரையிறுதி வைக்கிற குழு, இப்படியொரு சண்டைக்குத் தானே இடம் கொடுக்கிறது.

"அவையின்ர ஆக்கள் வேணுமெண்டு மாட்டைக் கலைக்காமல் விட்டவை" என்ற சந்தேகத்தை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். ஊர்க்காரர் கலைக்காமல் நின்றது ஆட்டக் குற்றம் ஆகாது. எதிரணியின் மாற்று ஆட்டக்காரரோ பயிற்றுநரோ உள்ளே வந்து தாங்களே பந்தைத் தடுத்திருந்தால் கதை வேறு, அதற்குப் பெனால்டிவரை இடமிருக்கிறது. பார்த்துக்கொண்டு நின்றதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. சாட்சி இல்லாமல் அந்தக் கதையைப் பரப்பினால் இரண்டு ஊருக்கும் இடையில் பகைதான் மிஞ்சும்.

கடைசியாக, முறைப்பாடு செய்யலாமா என்று கேட்டீர்கள். கோலா இல்லையா என்பது ஆட்டத்தில் நடந்த சம்பவம் பற்றிய முடிவு. அதில் நடுவர் சொன்னதே இறுதி என்று விதி தெளிவாகச் சொல்கிறது. விதியையே பிழையாகப் பிரயோகித்தால் மட்டும் போட்டியை நடத்துகிறவர்கள் தலையிட்ட உதாரணங்கள் உண்டு. 2005இல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் விளையாடினார்கள். 1–0 என்று முன்னணியில் இருந்த உஸ்பெகிஸ்தானுக்கு ஒரு பெனால்டி கிடைத்து, அதுவும் கோல் ஆனது. அதே அணியின் ஒருவர் முன்கூட்டியே பெட்டிக்குள் ஓடியதால் உதையைத் திரும்ப எடுக்கச் சொல்லவேண்டிய நடுவர், பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். முறைப்பாடு செய்தது வென்ற உஸ்பெகிஸ்தான்தான், 3–0 என்று எழுதித் தரும்படி கேட்டார்கள். பிபா ஆட்டத்தையே ரத்துச் செய்து திரும்ப விளையாடச் சொன்னது. திரும்ப நடந்த ஆட்டம் 1–1, அடுத்தது 0–0, எதிரணி மண்ணில் அடித்த கோல் கணக்கில் பஹ்ரைன் முன்னேறியது, உஸ்பெகிஸ்தான் வெளியேறியது. உங்கள் விடயத்தில் விதிப் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. மாட்டுக்கு ட்ரொப் போல், கீப்பருக்குப் போட்டது, இரண்டும் சரி. ஆகவே முறைப்பாட்டுக்குக் கட்டுகிற காசை வீணாக்கவேண்டாம். அதற்குப் பதிலாக உங்கள் கழகத்தின் பெயரில் ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அரையிறுதிக்கும் இறுதிக்கும் வலை கட்டாயம், கோலுக்குப் பின்னால் ஆள் நிற்பது ஏற்பாட்டாளர் பொறுப்பு, கோல் கோட்டுக்கு இடைவேளையில் திரும்பச் சுண்ணாம்பு போடவேண்டும் என்று மூன்றையும் அடுத்த வருடப் போட்டி விதிகளில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். எதிரணிக் கழகத்தையும் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள், வைப்பார்கள். அடுத்த தடவை மாடு அவர்களுடைய பந்தையும் மறிக்கலாம் என்று அவர்களுக்கும் தெரியும்.